இருபத்தாறு குலையும் ஆறரைக் குலையும்

யோகேஸ்வரி தன் பாலில்லாத கோப்பி-ஓ கிளாசை வைக்கிற இடத்தைப் பார்த்தாலே அந்தக் காலத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேசை இருக்கிறது, ஜன்னல் கட்டை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் நீராவி டர்பைனின் பேரிங் மூடிமேல் கொண்டுபோய் வைப்பாள். வைத்துவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். கிளாசில் கோப்பி அசையாமல் நிற்கும், ஒரு சின்ன வளையம்கூட எழாது. பத்தடி தள்ளியிருக்கும் என் டீசல் என்ஜின்மேல் அதே கிளாசை வைத்தால், அது தானாக நடந்து ஓரத்துக்குப் போய், இரண்டு நிமிடத்தில் கீழே விழுந்து உடையும். உடைந்திருக்கிறது. அவள்தான் வைத்துக் காட்டினாள்.

என் பெயர் செல்லப்பன். சாஆ என்ற சிற்றூரைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பாமாயில் மில்லில் முப்பத்தொரு வருடமாக டீசல் ஃபிட்டர். பிஸ்டன் என்ஜினோடு பிழைத்தவன். மில்லின் ஆயுத பூஜைக்கும் நான்தான் தலைமை. எந்த இயந்திரத்துக்கு எந்த மாலை என்பதுகூட என் வாயிலிருந்துதான் வரவேண்டும். நான் எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, யோகேஸ்வரியைப் பற்றி. ஆனால் ஆபீஸ் கோப்பில் அவள் பெயருக்குக் கீழே ‘கவனக்குறைவு’ என்று ஒரு வரி இரண்டு வருடமாகக் கிடந்தது. இந்த வருடம் என்ஜின் ரூமுக்கு, அங்கே இயந்திரங்களை ஓட்டுவதற்கு, ஒரு தலைமை டிரைவர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது, அவளுக்கும் அந்தப் பதவிக்கும் நடுவில் நின்றது அந்த ஒரு வரிதான். அது அங்கே ஏறியதற்குக் காரணம் நான். அதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

அவள் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு எல்லையோரத்துக் கெலாங் பாத்தாவுக்குப் போய் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் பஸ் ஏறி, பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, எறும்பைவிடச் சின்ன எலெக்ட்ரானிக் சில்லுகளில் பழுது தேடும் வேலை. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். புருஷன் மதிவாணன் எங்கள் மில்லுக்குப் பழம் ஏற்றிவரும் லோரி டிரைவர். அவன் சொல்லித்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். கிடைத்த வேலை, பாய்லர் பக்கத்தில் சாம்பல் அள்ளுவது.

ஒருநாள் காலை சாம்பல் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்ஜின் ரூம் வாசலைக் கடந்தபோது உள்ளே டர்பைனைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு முனகல், பிறகு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய் ஒரே சுருதியில் நின்றுவிடும் அந்தச் சத்தம். அவள் வண்டியை விட்டுவிட்டு நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. நான்தான் விரட்டினேன்.

“என்னா யோகா, சாம்பல் அள்ளாம பராக்கு பாத்துக்கிட்டு நிக்கிற?”

“அண்ணே, உள்ள சுத்துறது என்னா அண்ணே?”

“உனக்கு எதுக்கு அது? போ லா.”

எங்கள் ஊர் ‘லா’ சேர்த்து விரட்டிய அந்தப் ‘போ லா’வுக்கு அவள் ஆறு வருடம் கழித்துப் பதில் சொன்னாள். அரசாங்கம் நடத்தும் என்ஜின் டிரைவர் தேர்வில் இரண்டாம் கிரேடு வாங்கினாள், பிறகு முதல் கிரேடும் வாங்கினாள். முதல் தடவை வாய்மொழித் தேர்வில் தோற்று, வீட்டில் இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாளாம். இரண்டாம் தடவை சர்ட்டிபிகேட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்து, நேரே என் முன்னால் நீட்டினாள். நான் படித்துப் பார்த்துவிட்டு, “பேரு சரியாத்தான் அடிச்சிருக்கான்” என்றேன். நல்ல வார்த்தை ஒன்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதன்பிறகு டர்பைன் ஓட்டும் வேலை அவளிடம் வந்தது.

எங்கள் மில்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் கொட்டையின் ஓடுகளும் பாய்லரில் எரிகின்றன. அந்த நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. டர்பைன் தரும் கரண்டில் மில் ஓடுகிறது. டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீராவி வீணாகாமல் அடுத்த லோடு பழத்தை வேகவைக்கப் போகிறது. பாய்லரில் நீராவி ஏறாத நேரத்துக்கு என் டீசல் என்ஜின். பன்னிரண்டு சிலிண்டர், ஒரு யானைக்குட்டி அளவு ஃபிளைவீல். இரண்டும் தலா ஆயிரம் கிலோவாட். ஒரே அறையில் இரண்டு இயந்திரம், இரண்டு கட்சி.

சண்டை வந்தது ஒரு மத்தியான நேரம். பாய்லரில் ஏதோ கோளாறு, நீராவி குறைந்து டர்பைன் நின்றுவிட, என் டீசல்தான் முழு மில்லையும் இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தியா யோகா, உன் டர்பைன் வெறும் காத்தாடி. இழுவைன்னு வந்தா என் என்ஜின்கிட்ட நிக்குமா?”

“இழுவைன்னா என்னா அண்ணே? டார்க்கா, பவரா?”

“ரெண்டும் ஒண்ணுதான் லா.”

“ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு பேரு வச்சான்?”

சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டாள். அது ஷாஃப்ட். அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கோடு. அது ஒரு மீட்டர் நீளக் கம்பி. கம்பியின் நுனியில் பழக்குலை தொங்குவதுபோல் சின்னச் சின்ன உருண்டை போட்டாள்.

“ஒரு குலை இருபத்தஞ்சு கிலோன்னு வச்சுக்குங்க. முழு லோடுல ஓடும்போது உங்க ஷாஃப்ட் திருகுற பலம், இந்தக் கம்பி நுனியில இருபத்தாறு குலையத் தொங்கவிட்டுத் தூக்குற பலம். அதான் டார்க்கு.”

“உன்னுது?”

“ஆறரை.”

நான் சிரித்த சிரிப்பு பாய்லர் வரைக்கும் கேட்டிருக்கும். ஆறரைக் குலை. என் என்ஜினில் நாலில் ஒரு பங்கு. வெளியே போய், லோரி பழம் கொட்டும் ரேம்ப்பில் பழம் தள்ளுகிறவர்களிடம்கூடச் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் அதே இடத்தில் சாக்பீஸோடு குந்தியிருக்கிறாள்.

“முடிச்சிட்டீங்களா? இப்ப உக்காருங்க. நிமிஷத்துக்கு உங்களுது எத்தன சுத்து?”

“ஆயிரத்து ஐநூறு.”

“என்னுது ஆறாயிரம். உங்களுது ஒரு சுத்து சுத்தி முடிக்கிறதுக்குள்ள என்னுது நாலு சுத்திடும். ஒவ்வொரு சுத்துக்கும் ஆறரைக் குலை. நாலு ஆறரை எத்தன அண்ணே?”

மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

“இருபத்தாறு,” என்று அவளே சொன்னாள். “அதான் பவரு. திருகுற பலம் மட்டும் பத்தாது, அத எவ்வளவு வேகமா செய்யிறோம்னும் பாக்கணும். நீங்க அழுத்திச் செய்யிற வேலைய இது ஓடிச் செய்யிது. நடுவுல இருக்கிற கியர் பாக்ஸ் வேகத்த நாலுல ஒண்ணாக் குறைச்சு, பலத்த நாலு மடங்கு ஆக்கிடுது. டைனமோகிட்ட போய்ச் சேரும்போது உங்களுதும் இருபத்தாறு, என்னுதும் இருபத்தாறு.”

விட்டிருந்தால் சமமாகப் போயிருக்கும். அவள் விடவில்லை.

“நின்னுக்கிட்டு இருக்கும்போது உங்க என்ஜினுக்கு எத்தன குலை?”

பிஸ்டன் என்ஜின் நின்றுவிட்டால் அதனால் ஒரு பழத்தைக்கூட அசைக்க முடியாது. வேறொருவன் சுற்றிவிட வேண்டும், அதற்கு ஸ்டார்ட்டர், பாட்டரி எல்லாம் வேண்டும். முப்பது வருடமாக அதைத்தானே செய்கிறேன். ஆனால் அப்படி ஒரு கேள்வியாக அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“நிக்கும்போது என்னுதுக்குப் பதிமூணு,” என்றாள். “நிக்கிறப்பதான் அதுக்குப் பலம் ஜாஸ்தி. ஓடிக்கிட்டிருக்கிறவன் முதுகுல கைய வச்சுத் தள்ளுனா எவ்வளவு அழுந்தும்? நிக்கிறவனத் தள்ளுனா எவ்வளவு அழுந்தும்? நீராவிக்கும் அப்படித்தான்.”

அவள் முகத்தில் கெலித்துவிட்ட பெருமை எதுவும் இல்லை. சொல்லும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான். பல வருடம் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற பிறகும் அந்த ஆச்சரியம் அவளுக்குத் தீரவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். எனக்கோ உள்ளுக்குள் எரிந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் என் என்ஜின் தங்கமான பிள்ளை. நிறுத்தினால் நின்றுவிடும், திரும்பிப் பார்க்க வேண்டாம். டர்பைன் அப்படி இல்லை. நிறுத்திய பிறகு அதன் இரும்புக் கூட்டுக்குள் மேல்பக்கம் சூடு அதிகம், கீழ்ப்பக்கம் குறைவு. அசையாமல் கிடந்தால் உள்ளே சுற்றும் தண்டான ரோட்டர் ஒரு மயிரிழை மேல்நோக்கி வளைந்துவிடும். வளைந்ததோடு ஓட்டினால் போச்சு. அதனால் நிறுத்திய பிறகு கால் மணிக்கு ஒருமுறை, ஷாஃப்டில் இருக்கும் துளையில் கம்பியை நுழைத்து, கையால் அரைச் சுற்று சுற்றிவிட வேண்டும். ஆறும் வரைக்கும் இதே வேலை. அதற்கென்று யோகேஸ்வரி ஒரு கம்பி வைத்திருந்தாள். பிடிக்கும் இடத்தில் சிவப்பு டேப் சுற்றிச் சுவரில் மாட்டியிருப்பாள். சுற்றியதும் தாளில் நேரத்துக்கு நேராகத் தன் பெயரை எழுதுவாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை, பழம் கொட்டோ கொட்டென்று கொட்டும் சீசனில் வந்தது. மேனேஜர் காளிதாஸ் நல்ல மனுஷன்தான், ஆனால் ரேம்ப்பில் பழம் குவிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பன்னிரண்டு மணிக்கு மில்லை நிறுத்தலாம், ஐந்து மணிக்கு மறுபடி ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டுக்கு எல்லாம் நின்றது. அம்மன் படத்துக்கு முன்னால் வெள்ளைத்துணி விரித்து, ஸ்பேனர், சுத்தி, பழம் வெட்டும் அரிவாள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கினோம். என் மனைவி பேச்சியம்மாள் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். பொட்டு வைத்த பிறகு ஆரத்தி முடியும் வரைக்கும் எந்தக் கருவியையும் தொடக் கூடாது, எந்த இயந்திரத்தையும் அசைக்கக் கூடாது. அதுதான் எங்கள் வழக்கம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கித்தா வெட்டிய காலத்திலிருந்து வந்த வழக்கம்.

அந்த நேரம் பார்த்து யோகேஸ்வரி கையில் கம்பியோடு டர்பைன் பக்கம் போனாள்.

“எங்க போற? அதுக்கு மாலை போட்டுப் பொட்டு வச்சாச்சு.”

“கால் மணிக்கு ஒருக்கா சுத்தணும் அண்ணே. நிறுத்தி இப்பத்தான் கால் மணி ஆகுது.”

“இன்னிக்கு ஒருநாள் அதுக்கும் லீவு கொடு. என் என்ஜின் சும்மா நிக்கல?”

“அது வேற அண்ணே, இது வேற.”

“சாமிய விட உனக்கு டர்பைன் பெருசா?”

இதைச் சொல்லிவிட்டு நான் செய்ததைத்தான் இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவள் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டுபோய்ப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். அவள் அதையும் துடைத்து, நடுவில் பெரிய பொட்டாக வைத்து, இரண்டு ஸ்பேனருக்கு நடுவே அம்மன் முன்னால் கிடத்தினாள். யோகேஸ்வரி அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமி முன்னால் வைத்ததை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. டர்பைன் ஐந்து மணி நேரம் அசையாமல் கிடந்தது.

ஆரத்தி முடிந்தது. லோரிக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதுபோல, நிலையாக நிற்கும் இயந்திரங்களை ஆரத்தி முடிந்ததும் ஒரு சுற்று ஓடவிடுவோம். என் டீசல் முதல் முறுக்கிலேயே பிடித்துக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்தது டர்பைன்.

“ரெண்டு மணி நேரம் கொடுங்க பாஸ்,” என்று யோகேஸ்வரி காளிதாஸிடம் கேட்டாள். “கையால சுத்தி நேராக்கிட்டு அப்புறம் ஸ்டீம் விடுறேன்.”

காளிதாஸ் மணியைப் பார்த்தார், வெளியே ரேம்ப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒண்ணும் ஆகாது பாஸ்,” என்றேன் நான். “என்ஜின்தானே, ஒரு சுத்து விட்டாச் சரியாயிடும்.”

அவர் ஓட்டு என்று கையைக் காட்டினார். யோகேஸ்வரி கோப்பி கிளாசைப் பேரிங் மூடிமேல் வைத்துவிட்டு வால்வைத் திறந்தாள். மெதுவாகத்தான் திறந்தாள். பெருமூச்சு வந்தது, முனகல் வந்தது, சத்தம் ஏற ஆரம்பித்தது. அப்புறம் இரும்பை இரும்பு சுரண்டுகிற ஓர் ஒலி. காலடியில் தரை அதிர்ந்தது. கோப்பி தளும்பியது, கிளாஸ் நகர்ந்தது, நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய் விழுந்து உடைந்தது. அவள் வால்வை அடைத்து முடிப்பதற்குள் மாலையிலிருந்த பூவெல்லாம் உதிர்ந்து தரையில் கிடந்தது.

நான்கு நாள் கழித்து டர்பைனின் மேல் கூட்டைத் திறந்தார்கள். டர்பைன் வந்ததிலிருந்து பன்னிரண்டு வருடம் பத்தடி தூரத்தில் வேலை செய்திருக்கிறேன், உள்ளே இருப்பதைப் பார்த்ததே இல்லை. ஆயிரம் கிலோவாட் என்றால் என் கிராங்க் ஷாஃப்ட் மாதிரி ஒரு டன்னுக்காவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். செயின் பிளாக் கப்பியில் மேலே வந்தது ஒரு மெலிந்த ஷாஃப்ட், அதில் லோரி டயரைவிடச் சின்னதாய்ச் சில தட்டுகள், தட்டின் விளிம்பைச் சுற்றி வரிசை வரிசையாக என் கட்டைவிரல் அளவு இலைகள். அவ்வளவுதான். இருநூற்றெண்பது கிலோ. இதுவா இத்தனை வருடம் இந்த மில்லையும் குடியிருப்பையும் இழுத்தது என்று நம்ப முடியாமல் நின்றேன்.

யோகேஸ்வரி வாசலில் நின்றாள். அவளை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் அவள் பக்கம் போனேன்.

“இந்த இலை எவ்வளவு இருக்கும் யோகா?”

“அம்பது கிராம். உதிரிப் பழம் மூணு நாலு சேத்தா அவ்வளவு இருக்கும்.” கண்ணை ரோட்டரிலிருந்து எடுக்காமலே சொன்னாள். “ஆறாயிரத்துல சுத்தும்போது அதே இலை அறுநூறு கிலோவா வெளியில இழுக்கும் அண்ணே. ஒவ்வொரு இலையும். அதோட நுனி போற வேகத்துக்குக் கூலாய் டவுன்ல கெளம்புனா அரைமணியில முந்நூறு கிலோமீட்டர் தாண்டி கோலாலம்பூர் போயிடலாம். அப்படி ஓடிக்கிட்டேதான் என் கோப்பி சிந்தாம பாத்துக்கிச்சு.”

உதிரிப் பழம் மூன்று, இருபத்துநாலு குலையின் கனம். அதைத் தாங்கிக்கொண்டு, நிமிடத்துக்கு ஆறாயிரம் தடவை, வருடக்கணக்காக. காத்தாடி என்று சொன்ன என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு பக்கத்து ஓரம் முழுக்கத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. கூட்டில் உரசிய இடம். யோகேஸ்வரி வாசலிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை.

விசாரணைக்குத் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அன்றைய தாளை எடுத்து மேசையில் போட்டார்கள். பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை இருபது கட்டங்கள், இருபதும் காலி.

“ரோட்டரை ஏன் சுத்தல?” என்று கேட்டார்கள்.

“சுத்தலைங்க,” என்றாள்.

“அதான் ஏன்னு கேக்குறோம்.”

“சுத்தியிருக்கணும். சுத்தல.”

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில் கையில் கிரீஸோடு நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற மூன்று வருடம்தான் இருக்கிறது, எதற்கு வம்பு என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். காளிதாஸும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோப்பில் ‘கவனக்குறைவு’ ஏறியது. அவளைப் பாய்லருக்கு நார் தள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். ரோட்டர் சரியாகி வந்தபோது வெளியிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அவனும் ஒன்பது மாதத்தில் சிங்கப்பூருக்குப் போய்விட, வேறு ஆள் கிடைக்காமல் அவளையே கூப்பிட்டார்கள். வந்தாள். எனக்கு வழக்கம்போல “காலை வணக்கம் அண்ணே” சொன்னாள். கிளாசைப் பழைய இடத்தில் வைத்தாள். அந்த வணக்கத்தைவிட அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன மாதம் தலைமை டிரைவர் பதவிக்கு அறிவிப்பு வந்தது. தகுதியெல்லாம் அவளுக்கு இருந்தது. கோப்பில் அந்த வரி இருப்பதால் வெளியாளைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று மில்லே பேசியது. வீட்டில் சாப்பிடும்போது அதைச் சொன்னேன். பேச்சியம்மாள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

“அந்தக் கம்பிக்குப் பொட்டு வச்சது நான். எங்கிட்ட கொண்டாந்து குடுத்தது யாரு?”

நான் தட்டைப் பார்த்தேன்.

“அந்தப் பிள்ள ரெண்டு வருஷமா உங்களக் காட்டிக்குடுக்காம இருக்கு. நீங்க சோறு தின்னுக்கிட்டு இருக்கீங்க.”

மறுநாள் காலை முதல் வேலையாகக் காளிதாஸின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. கம்பியை வாங்கியது, அம்மன் முன்னால் வைக்கச் சொன்னது, ஒன்றும் ஆகாது என்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“கை காட்டுனது நான்தானே அண்ணே,” என்றார் அவர். “ரெண்டு மணி நேரம் கேட்டாங்க. நான் கொடுக்கல.”

இருவரும் சேர்ந்து எழுதினோம், இருவரும் கையெழுத்துப் போட்டோம். தலைமையகத்திலிருந்து பதில் சரியாக இந்த வருட ஆயுத பூஜை அன்று காலையில் வந்தது. கோப்பிலிருந்து அந்த வரி எடுக்கப்பட்டது. அடுத்த மாதம் முதல் என்ஜின் ரூமுக்குத் தலைமை டிரைவர் யோகேஸ்வரி. எனக்கும் தனியாக ஒரு கடிதம் வந்தது. இனிமையான கடிதம் இல்லை. ஆனால் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மில் நின்றது. பூஜைக்கான வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு டர்பைன் பக்கம் போனேன். யோகேஸ்வரி கம்பியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காளிதாஸ் ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

“ஏன் யோகா, அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“அவங்க கேட்டது ரோட்டரை ஏன் சுத்தலன்னு. நான் சுத்தல. வேற கம்பி தேடியிருக்கலாம். சாமிக்குப் பயந்துட்டு நின்னேன். வால்வத் தொறந்ததும் என் கைதான். உங்களுதச் சொல்ல வேண்டியது நீங்கதானே அண்ணே. சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பேச்சியம்மாள் குங்குமக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். இந்த முறை கம்பி சாமியிடம் போகவில்லை. யோகேஸ்வரியின் கையில் இருக்கும்போதே அதற்குப் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு அவள் நெற்றியிலும் ஒன்று வைத்தாள்.

யோகேஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால். கம்பியை என் பக்கம் நீட்டினாள்.

“இந்தாங்க. மேல் பக்கம் கீழ வர்ற வரைக்கும்.”

துளையில் கம்பியை நுழைத்து அழுத்தினேன். முதலில் அசையவில்லை. பிறகு மெல்ல, எண்ணெயில் வழுக்குவதுபோல, சத்தமே இல்லாமல் வந்தது. அறுநூறு கிலோவாக இழுக்கும் இலைகள், அரைமணியில் கோலாலம்பூர் போகும் வேகம், நின்றால் பதிமூன்று குலை, எல்லாம் இப்போது என் இரண்டு கைக்குள் இந்தக் கம்பியில் சாதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் இரும்போடு இருந்தவன் நான். இப்படி ஒன்றைக் கையால் திருப்பியது இதுதான் முதல் தடவை.

அரைச் சுற்று முடிந்தது. அவள் தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, பன்னிரண்டே காலுக்கு நேரே இருந்த காலிக் கட்டத்தில் ‘செல்லப்பன்’ என்று எழுதினாள்.